தண்டர்பேர்டைப் புதிய பதிப்புக்கு மாற்றிய பின் எழும் பிழைகளைச் சரிசெய்யும் முறை

தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டு மறுநாள் காலையில் திறந்தால், பழைய மடல்கள் ஒன்றுகூடத் தெரியாமல், புதிதாகக் கணக்கு தொடங்கச் சொல்லும் வெற்றுத் திரை மட்டும் எதிரே நிற்பது பலருக்கு நேர்ந்திருக்கிறது. அந்தப் பதற்றத்தில் அவசரப்பட்டுச் செய்யும் காரியங்கள்தான் உண்மையான இழப்பை உண்டாக்குகின்றன. எனக்குத் தெரிந்த கணக்காளர் ஒருவர் இத்தகைய திரையைக் கண்டதும் மென்பொருளை நீக்கி, அதன் பெயரில் மிஞ்சியிருந்த கோப்புறைகளையும் தேடிப்பிடித்து அழித்துவிட்டு, மறுபடியும் நிறுவினார். அவர் அழித்த கோப்புறைகளில் ஒன்றில்தான் பதினொரு ஆண்டுகளாக அவருடைய வாடிக்கையாளர்கள் அனுப்பிய மடல்கள் எல்லாம் இருந்தன. அழிக்கும்வரை அவை அனைத்தும் பத்திரமாகவே இருந்தன; புதிதாக நிறுவிய பதிப்பு அந்த இடத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அவருக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இந்த வழிமுறைகளை, எதை முதலில் செய்ய வேண்டும் என்ற வரிசையோடு எழுதுகிறேன்.

அடிப்படையான ஒரு செய்தியை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தண்டர்பேர்டில் நிரல் ஓரிடத்திலும், உங்கள் மடல்கள், முகவரிகள், கடவுச்சொற்கள், கணக்கு அமைப்புகள் ஆகியவை வேறோரிடத்திலும் இருக்கின்றன. இந்த இரண்டாவது இடத்துக்குப் புரொஃபைல் என்று பெயர். மேம்பாடு என்பது நிரலை மாற்றுவது. புரொஃபைலில் சில கோப்புகளின் வடிவத்தை அது மாற்றலாமே தவிர, மடல்களை அழிப்பதில்லை. ஆகவே எந்தப் பிழை வந்தாலும், கோளாறு நிரலில் இருக்கிறதா, புரொஃபைலில் இருக்கிறதா, அல்லது மடல்களைத் தரும் சர்வரோடு பேசுவதில் இருக்கிறதா என்று பிரித்தறிவதே முதல் வேலை. இதை அறியாமல் மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவுவதால் பெரும்பாலும் எந்தப் பயனும் கிடைப்பதில்லை. அதே புரொஃபைல் மறுபடி திறக்கப்படும்போது அதே பிழையும் திரும்பி வரும்.

எதையும் தொடுவதற்கு முன் நகல் எடுங்கள்

தண்டர்பேர்ட் திறக்கும் நிலையில் இருந்தால், வலது மேல் மூலையில் மூன்று கோடுகளாகத் தெரியும் மெனுவில் ஹெல்ப் என்பதற்குள் சென்று, ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பக்கத்தில் புரொஃபைல் ஃபோல்டர் என்ற வரிக்கு எதிரே உள்ள பொத்தானை அழுத்தினால் கோப்புறை நேராகத் திறக்கும். தண்டர்பேர்ட் திறக்கவே மறுத்தால், விண்டோஸில் விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் கட்டத்தில் இரு சதவீதக் குறிகளுக்கு நடுவே ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில் இடைவெளியின்றி எழுதி என்டர் தட்டினால், அங்கே தண்டர்பேர்ட் என்ற கோப்புறையும் அதற்குள் புரொஃபைல்ஸ் என்ற கோப்புறையும் இருக்கும். மேக் கணினியில் பயனரின் லைப்ரரி கோப்புறைக்குள் தண்டர்பேர்ட் என்ற பெயரில் இருக்கும். லினக்ஸில் ஹோம் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் பெயரோடு மறைந்திருக்கும். கோப்பு மேலாளர்கள் பலவற்றில் கன்ட்ரோலையும் எச் எழுத்தையும் அழுத்தினால் அது கண்ணுக்குத் தெரியும்.

தண்டர்பேர்டை முழுவதுமாக மூடிய பிறகு, இந்தத் தண்டர்பேர்ட் கோப்புறையை அப்படியே வெளி வன்தட்டிலோ வேறு இடத்திலோ நகலெடுத்து வையுங்கள். உள்ளே இருக்கும் ஒரு கோப்பை மட்டும் தேர்ந்தெடுத்து நகலெடுப்பதைவிட முழுக் கோப்புறையையும் எடுப்பதே நல்லது, ஏனெனில் எந்தப் புரொஃபைலை எந்த நிறுவல் பயன்படுத்துகிறது என்ற குறிப்பும் அந்த வெளிக் கோப்புறையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. மென்பொருளுக்குள்ளேயே டூல்ஸ் மெனுவில் எக்ஸ்போர்ட் என்ற வசதி இருக்கிறது. ஆனால் அது 2 ஜிபி அளவுக்கு உட்பட்ட புரொஃபைல்களுக்கு மட்டுமே பொருந்தும். பல ஆண்டு மடல்களை வைத்திருப்பவர்கள் கையால் நகலெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பாப் முறையில் மடல்களைப் பெறுவோருக்கு இந்த நகல் உயிர்நாடி போன்றது. ஐமேப் முறையில் மடல்களின் மூலப்பிரதி சர்வரில் இருக்கும். கணினியில் இருப்பது அதன் பிரதி மட்டுமே. பாப் முறையிலோ, சர்வரில் விட்டுவைக்கும்படி அமைக்காவிட்டால், மடல் கணினிக்கு இறங்கியவுடன் சர்வரிலிருந்து நீங்கிவிடும். அதன் பின் உலகத்தில் அந்த மடல் இருக்கும் ஒரே இடம் உங்கள் புரொஃபைல்தான். லோக்கல் ஃபோல்டர்ஸ் என்ற தலைப்பின் கீழ் நீங்கள் இழுத்துவைத்த மடல்களுக்கும் இதே நிலைதான், உங்கள் கணக்கு ஐமேப் முறையில் இருந்தாலும்.

கணக்கும் மடல்களும் காணாமற்போனால்

2019-ஆம் ஆண்டில் வந்த 68-ஆம் பதிப்பிலிருந்து, ஒவ்வொரு நிறுவலுக்கும் தனித்தனிப் புரொஃபைல் என்ற முறை தண்டர்பேர்டில் நடைமுறைக்கு வந்தது. நிரல் எந்தக் கோப்புறையில் நிறுவப்பட்டிருக்கிறது என்பதை வைத்தே அது தனி நிறுவலாகக் கணக்கிடப்படுகிறது. 32-பிட் பதிப்பிலிருந்து 64-பிட் பதிப்புக்கு மாறினால் நிறுவப்படும் கோப்புறை மாறிவிடும். பழைய பதிப்பை விட்டுவைத்துப் புதியதை வேறிடத்தில் நிறுவினாலும் அப்படியே. அப்போது தண்டர்பேர்ட் இதைப் புதிய நிறுவல் என்று எண்ணிப் புதிய, வெறுமையான புரொஃபைல் ஒன்றை உருவாக்கிக்கொள்கிறது. காலையில் கண்ட வெற்றுத் திரைக்கு மிகப் பெரும்பாலும் இதுவே காரணம்.

கணக்கை மறுபடியும் புதிதாக அமைக்கத் தொடங்க வேண்டாம். மேலே சொன்ன ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் பக்கத்திலேயே அபவுட் புரொஃபைல்ஸ் என்ற இணைப்பு இருக்கும். அதைச் சொடுக்கினால் கணினியில் உள்ள எல்லாப் புரொஃபைல்களும் அவற்றின் கோப்புறை இருக்குமிடத்தோடு வரிசையாகத் தெரியும். எது உங்கள் பழைய புரொஃபைல் என்பதைப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஏனெனில் டீஃபால்ட் என்றும் டீஃபால்ட் ரிலீஸ் என்றும் ஒன்றுபோல் தோன்றும் பெயர்களே அங்கே இருக்கும். ஒவ்வொரு கோப்புறையையும் திறந்து அதன் அளவைப் பாருங்கள். சில எம்பி மட்டுமே இருப்பது நேற்றுப் பிறந்தது. ஜிபி கணக்கில் இருப்பதே உங்களுடையது. அதற்குக் கீழே செட் அஸ் டீஃபால்ட் புரொஃபைல் என்ற பொத்தானை அழுத்தி, தண்டர்பேர்டை மூடித் திறந்தால் பழைய கணக்குகள் அனைத்தும் இருந்த இடத்தில் இருக்கும்.

லினக்ஸ் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உபுண்டு 24.04 பதிப்பில் தண்டர்பேர்ட் வழக்கமான தொகுப்பாக வராமல், தனிப் பெட்டிபோல் அடைக்கப்பட்ட ஸ்னாப் தொகுப்பாக வருகிறது. ஸ்னாப் தொகுப்பு தன் புரொஃபைலை ஹோம் கோப்புறையில் உள்ள ஸ்னாப் என்ற கோப்புறைக்குள், தண்டர்பேர்ட், அதற்குள் காமன் என்ற பாதையில் வைத்துக்கொள்ளும். பழைய இடத்திலிருந்து மடல்கள் தானாக வந்து சேராவிட்டால், நிரலை மூடிவிட்டு, பழைய மறைவான தண்டர்பேர்ட் கோப்புறையின் உள்ளடக்கத்தைப் புதிய இடத்தில் இருக்கும் அதே பெயருடைய கோப்புறைக்குள் நகலெடுக்க வேண்டும். நகர்த்த வேண்டாம், நகலெடுங்கள்.

மேம்பாட்டுக்குப் பின் தண்டர்பேர்ட் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கிறது, ஆனால் பதிலளிக்கவில்லை என்ற செய்தி வந்தால், பழைய நிரல் திரைக்குத் தெரியாமல் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்கும் தீராவிட்டால், விண்டோஸில் புரொஃபைல் கோப்புறைக்குள் பேரண்ட் லாக் என்ற பூட்டுக் கோப்பு தங்கிவிட்டதா என்று பார்த்து, தண்டர்பேர்ட் இயங்கவில்லை என்பதை டாஸ்க் மேனேஜரில் உறுதிசெய்துகொண்டு அந்த ஒரு கோப்பை மட்டும் நீக்கலாம்.

கடவுச்சொல்லைச் சர்வர் ஏற்க மறுத்தால்

கணக்குகள் தெரிகின்றன, மடல்களும் தெரிகின்றன, ஆனால் புதிய மடல் வரவில்லை, கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது என்பது அடுத்த பெரிய புகார். இங்கே குற்றம் புதிய பதிப்பின் மேல் சுமத்தப்படுவது வழக்கம். பல நேரங்களில் மாறியது மின்னஞ்சல் சேவையின் விதியே ஆகும். கூகுள் நிறுவனம் வெறும் கடவுச்சொல்லை மட்டும் வைத்து வெளி மென்பொருள்கள் ஜிமெயிலுக்குள் நுழைவதைத் தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் தன் அலுவலகக் கணக்குகளுக்கு 2022 அக்டோபரிலிருந்தும், அவுட்லுக், ஹாட்மெயில் போன்ற தனிநபர் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16 முதலும் இதையே செய்தது. பழைய அமைப்புகளைச் சுமந்துகொண்டு புதிய பதிப்புக்கு வந்த புரொஃபைல், சர்வர் ஏற்காத பழைய முறையிலேயே கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

இதற்கு மருந்து ஓஆத்2 என்ற முறை. இம்முறையில் தண்டர்பேர்டிடம் உங்கள் கடவுச்சொல் தங்குவதில்லை. கூகுள் அல்லது மைக்ரோசாஃப்டின் சொந்த நுழைவுப் பக்கம் ஒரு சிறு சாளரத்தில் திறந்து, நீங்கள் அங்கே நுழைந்து அனுமதி தந்த பின், அனுமதிச்சீட்டு போன்ற ஒரு குறியீடு மட்டும் தண்டர்பேர்டிடம் சேமிக்கப்படுகிறது. அக்கவுன்ட் செட்டிங்ஸில் அந்தக் கணக்கின் கீழ் சர்வர் செட்டிங்ஸைத் திறந்து, ஆதென்டிகேஷன் மெத்தட் என்ற இடத்தில் ஓஆத்2 என்பதைத் தேர்ந்தெடுங்கள். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். மடல் வருகிறது, ஆனால் அனுப்ப முடியவில்லை என்று அடுத்த நாள் வந்து நிற்கிறார்கள். மடல் அனுப்புவதற்கான சர்வர் தனி. இடது பக்கப் பட்டியலின் அடியில் அவுட்கோயிங் சர்வர் என்ற இடத்தில் அதற்கும் இதே மாற்றத்தைச் செய்ய வேண்டும்.

அதன் பிறகு, செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் சேவ்ட் பாஸ்வேர்ட்ஸ் பட்டியலைத் திறந்து, அந்தக் கணக்கைச் சேர்ந்த பழைய பதிவுகளை மட்டும் நீக்கிவிட்டு மென்பொருளை மூடித் திறங்கள். நுழைவுச் சாளரம் வெறுமையாகத் தோன்றினாலோ, தோன்றி உடனே மறைந்தாலோ, அதே பிரைவசி பகுதியில் தளங்களின் குக்கிகளை ஏற்கும் தெரிவு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். குக்கி இல்லாமல் ஓஆத்2 நுழைவு முடிவடையாது. பாதுகாப்பை எண்ணி என்றோ ஒருநாள் குக்கிகளை மறுத்துவைத்தவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது.

ஓஆத்2 உங்களுக்கு ஒத்துவராவிட்டால், ஜிமெயிலில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, கூகுள் கணக்குப் பக்கத்தில் 16 எழுத்துகள் கொண்ட ஆப் பாஸ்வேர்ட் ஒன்றை உருவாக்கி, அதை வழக்கமான கடவுச்சொல்லின் இடத்தில் தரலாம். என் கருத்தில் இது இரண்டாந்தரமான வழியே. ஓஆத்2 அமையும்போது அதையே கைக்கொள்ளுங்கள்.

பழைய சர்வர்களும் சான்றிதழ்ப் பிழைகளும்

சொந்த டொமைன் பெயரில் மின்னஞ்சல் வைத்திருக்கும் சிறு நிறுவனங்களும் பள்ளிகளும் சந்திக்கும் சிக்கல் வேறு வகையானது. 2020-ஆம் ஆண்டில் வந்த 78-ஆம் பதிப்பு, டிஎல்எஸ் 1.0, டிஎல்எஸ் 1.1 ஆகிய பழைய குறியாக்க முறைகளை இயல்பாகவே மறுத்துவிடுகிறது. சர்வர் குறைந்தது டிஎல்எஸ் 1.2 பேச வேண்டும். பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாத சர்வர் என்றால், புதிய பதிப்பால் அதோடு பாதுகாப்பான இணைப்பையே ஏற்படுத்த முடியாது; காரணமும் திரையில் தெளிவாகச் சொல்லப்படாது. இது அதுதானா என்று அறிய, கன்ட்ரோல், ஷிஃப்ட், ஜே ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி எரர் கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டு, மடல் பெறும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சர்வர் ஆதரிக்கப்படாத பதிப்பைப் பயன்படுத்துகிறது என்ற பொருளில் எஸ்எஸ்எல் எனத் தொடங்கும் பிழை அங்கே பதிவாகும்.

இதற்குச் சரியான தீர்வு சர்வரைப் புதுப்பிக்கும்படி அதன் பொறுப்பாளரைக் கேட்பதே. தண்டர்பேர்டின் உள்ளமைப்புகளை மாற்றும் கான்ஃபிக் எடிட்டரில் குறைந்தபட்ச டிஎல்எஸ் பதிப்புக்கான மதிப்பு 3 என்றிருப்பதை 1 என்று மாற்றினால் பழைய சர்வரோடும் பேச முடியும் என்பது உண்மைதான். ஆனால் அந்த மாற்றம் அந்த ஒரு சர்வரோடு நிற்பதில்லை, உங்கள் எல்லாக் கணக்குகளின் கதவையும் சற்றே திறந்துவிடுகிறது. அவசரமாக ஒரு மடலை எடுக்க வேண்டிய நாளில் மட்டும் செய்துகொண்டு, வேலை முடிந்ததும் பழைய மதிப்புக்குத் திருப்பிவிடுங்கள்.

சர்வர் தன் அடையாளத்துக்குக் காட்டும் சான்றிதழைப் பற்றி எச்சரிக்கை வந்தால், விதிவிலக்கு தரும் பொத்தானை அழுத்துவதற்கு முன் மூன்று காரியங்களைச் சரிபாருங்கள். முதலாவது கணினியின் தேதி. மதர்போர்டில் உள்ள சிறு மின்கலம் தீர்ந்துபோன பழைய கணினிகளில் தேதி பல ஆண்டுகள் பின்னால் சென்றுவிடும். அப்போது நல்ல சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். இரண்டாவது சர்வரின் பெயர். பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்ளும் சர்வரில், சான்றிதழ் சர்வர் நடத்தும் நிறுவனத்தின் பெயரில் இருக்கும், உங்கள் அமைப்பில் உங்கள் டொமைனின் பெயர் இருக்கும், இரண்டும் பொருந்தாது. சான்றிதழில் எழுதியிருக்கும் பெயர் உங்கள் சேவை நிறுவனத்துடையதுதான் என்று அவர்களிடமே உறுதிசெய்துகொண்டு, அதையே சர்வர் பெயராக அமைத்தால் எச்சரிக்கை நின்றுவிடும். மூன்றாவது வைரஸ் தடுப்பு மென்பொருள். சில தடுப்பு மென்பொருள்கள் குறியாக்கப்பட்ட இணைப்பின் நடுவே புகுந்து, தம் சொந்தச் சான்றிதழைக் காட்டி மடல்களைச் சோதிக்கின்றன. சான்றிதழை வழங்கியவர் என்ற இடத்தில் தடுப்பு மென்பொருளின் பெயர் இருந்தால், அதன் மின்னஞ்சல் சோதனைத் தெரிவை அணைப்பதே வழி.

இணைப்பு எண்களையும் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளலாம். நேரடிக் குறியாக்கத்துக்கு ஐமேப் 993, பாப் 995, அனுப்புவதற்கு 465. சாதாரண இணைப்பாகத் தொடங்கிப் பின் குறியாக்கத்துக்கு மாறும் ஸ்டார்ட்டிஎல்எஸ் முறைக்கு ஐமேப் 143, பாப் 110, அனுப்புவதற்கு 587. எண்ணும் பாதுகாப்பு முறையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருந்தால், பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் நெடுநேரம் காத்திருக்க வைத்துவிட்டு இணைப்பு அறுந்துபோகும்.

தடுப்பு மென்பொருளைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. நிரல் கோப்பு மாறிவிட்டதால், நேற்றுவரை அனுமதித்த ஃபயர்வால் இன்று புதிய பதிப்பை அந்நியனாகக் கருதித் தடுக்கலாம். அதன் அனுமதிப் பட்டியலில் பழைய பதிவை நீக்கிப் புதிதாகச் சேர்க்க வேண்டும். இதைவிட ஆபத்தானது, தடுப்பு மென்பொருள் ஒரு தீய மடலுக்காக முழு இன்பாக்ஸ் கோப்பையும் தனிமைப்படுத்திவிடுவது. தண்டர்பேர்ட் இயல்பாக ஒரு கோப்புறையின் எல்லா மடல்களையும் ஒரே கோப்பாகச் சேர்த்து வைப்பதால், ஒரு மடலைப் பிடிக்கப்போய் ஆயிரம் மடல்களையும் தூக்கிச் சென்றுவிடும். புரொஃபைல் கோப்புறையைத் தடுப்பு மென்பொருளின் விலக்குப் பட்டியலில் சேர்த்துவைப்பது நல்லது. தடுப்பு மென்பொருள்தான் காரணமா என்று உறுதியாகத் தெரியாதபோது, விண்டோஸை நெட்வொர்க்கோடு கூடிய சேஃப் மோடில் தொடங்கி, தண்டர்பேர்ட் அங்கே ஒழுங்காக இயங்குகிறதா என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

நீட்சிகளும் மாறிய தோற்றமும்

ஆட்-ஆன் எனப்படும் நீட்சிகள் மேம்பாட்டின்போது அதிகமாக உடைபவை. 78-ஆம் பதிப்போடு பழைய முறையில் எழுதப்பட்ட நீட்சிகளுக்கான ஆதரவு முற்றிலும் முடிந்துபோனது. குறியாக்கத்துக்காகப் பலரும் நம்பியிருந்த எனிக்மெயில் நீட்சியின் வேலையையும் அந்தப் பதிப்பிலிருந்து தண்டர்பேர்டே தன்னுள் எடுத்துக்கொண்டது. இன்றும் நிரலின் உட்பகுதிகளைத் தொட்டு இயங்கும் நீட்சிகள் ஒவ்வொரு பெரிய பதிப்பிலும் தடுமாறுகின்றன. திரை வெறுமையாகத் தெரிவது, பொத்தான்கள் வேலை செய்யாதது, மடலைத் திறந்தவுடன் நிரல் மூடிக்கொள்வது போன்றவை தோன்றினால், ஹெல்ப் மெனுவில் உள்ள ட்ரபிள்ஷூட் மோடில் தண்டர்பேர்டை மறுதொடக்கம் செய்யுங்கள். மெனுவையே அடைய முடியாவிட்டால், விண்டோஸில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி நிரலைத் தொடங்கினாலும் அதே நிலைக்கு வரும். அந்நிலையில் நீட்சிகள் அனைத்தும் ஓய்வெடுக்கும். பிழை மறைந்துவிட்டால் குற்றவாளி பெரும்பாலும் நீட்சிகளுள் ஒன்றுதான். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கலாம்.

வழக்கமான நிலையில் நீட்சிகளை எல்லாம் அணைத்த பின்னும் சாளரம் கறுப்பாகவோ வெள்ளையாகவோ நின்றால், செட்டிங்ஸின் ஜெனரல் பகுதியில் ஹார்ட்வேர் ஆக்செலரேஷன் என்ற தெரிவை அணைத்துப் பாருங்கள். பழைய வரைகலைச் செயலிகளோடு புதிய பதிப்புகள் மோதிக்கொள்ளும் இடம் இது.

பிழை இல்லாத சிலவும் பிழையாகத் தோன்றுவதுண்டு. 2023 ஜூலையில் வந்த 115-ஆம் பதிப்பு முகப்பை அடியோடு மாற்றியது. மெனு காணவில்லை என்றால் ஆல்ட் விசையைத் தட்டினால் தோன்றும். அதிலுள்ள வியூ மெனுவில் டூல்பார்ஸ் என்பதற்குள் சென்று மெனு பாரை நிலையாகவே வைத்துக்கொள்ளலாம். மடல்கள் வரிசைப் பட்டியலாக இல்லாமல் அட்டைகளாகத் தெரிந்தால், மடல் பட்டியலின் மேலே உள்ள காட்சித் தெரிவுகள் பொத்தானில் டேபிள் வியூ என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழகிய தோற்றம் திரும்பிவிடும்.

கோப்புறைகள், தேடல், முகவரிகள்

கோப்புறையைத் திறந்தால் மடல்களின் எண்ணிக்கை தவறாகக் காட்டுவது, ஒரு தலைப்பைச் சொடுக்கினால் வேறொரு மடல் திறப்பது, படித்த மடல் படிக்காததாகத் தெரிவது ஆகியவை மடல்கள் கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. மடல்கள் இருக்கும் கோப்புக்கு அருகிலேயே, எம்எஸ்எஃப் என்ற பின்னொட்டோடு அட்டவணைக் கோப்பு ஒன்று இருக்கும்; புத்தகத்தின் பொருளடக்கம் போன்றது அது. பொருளடக்கத்தில் பக்க எண் தவறிவிட்டால் புத்தகம் கெட்டுவிட்டதாகக் கொள்ள மாட்டோம். கோப்புறையை வலச் சொடுக்கி, புராப்பர்ட்டீஸில் ரிப்பேர் ஃபோல்டர் பொத்தானை அழுத்தினால் இந்த அட்டவணை புதிதாக எழுதப்படும். பல கோப்புறைகளில் சிக்கல் என்றால், தண்டர்பேர்டை மூடிவிட்டு, எம்எஸ்எஃப் பின்னொட்டுள்ள கோப்புகளை மட்டும் வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுத் திறக்கலாம். நெடுவரிசைகளின் ஒழுங்கு போன்ற சில விருப்பங்கள் மறைந்துபோகும், மடல்கள் இருக்கும். அவற்றின் பக்கத்தில் அதே பெயரில் பின்னொட்டே இல்லாமல் இருக்கும் பெரிய கோப்புகளை மட்டும் தொடாதீர்கள், அவைதான் மடல்கள்.

தேடல் எதையும் கண்டுபிடிக்காவிட்டால், நிரலை மூடிவிட்டு, புரொஃபைலில் குளோபல் மெசேஜஸ் என்று தொடங்கும் தரவுக் கோப்பை நகர்த்திவிட்டால், அடுத்த முறை திறக்கும்போது தேடல் அட்டவணை மறுபடி உருவாகும். ஆயிரக்கணக்கான மடல்கள் இருந்தால் இதற்குப் பல மணி நேரம் ஆகும். அதுவரை மென்பொருள் மந்தமாகவே இருக்கும். மேம்பாட்டுக்கு மறுநாள் மெதுவாக இயங்குகிறது என்று புகார் சொல்பவர்களுக்கு, ஓரிரவு முழுவதும் திறந்தே வைத்துவிட்டு மறுநாள் பாருங்கள் என்பதே என் முதல் அறிவுரை.

முகவரிப் புத்தகம் வெறுமையாக இருந்தால், மிகப் பழைய பதிப்பிலிருந்து ஒரே தாவலில் வந்திருக்கிறீர்களா என்று யோசியுங்கள். 78-ஆம் பதிப்புக்கு முன்னர் முகவரிகள் எம்ஏபி என்ற பின்னொட்டுள்ள கோப்புகளில் இருந்தன. அந்தப் பதிப்பில்தான் புதிய வடிவத்துக்கு மாற்றப்பட்டன. மாற்றம் நடக்காமல் போயிருந்தால் பழைய கோப்பு புரொஃபைலிலேயே இருக்கும். டூல்ஸ் மெனுவில் இம்போர்ட் வழியாக முகவரிப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்து அதைக் கொண்டுவரலாம். நீண்ட நாள் புதுப்பிக்காத கணினியில் 60-ஆம் பதிப்பிலிருந்து நேராக இன்றைய பதிப்புக்குத் தாவுவதைவிட, 68, 78, 91, 102, 115 எனப் படிப்படியாக ஏறி, ஒவ்வொரு படியிலும் ஒருமுறை திறந்து மூடிவிட்டு அடுத்ததற்குச் செல்வதையே நான் விரும்புவேன். விண்டோஸ் 7, 8.1 கணினிகளில் அந்த ஏற்றம் 115-இலேயே நின்றுவிடும். அவற்றில் இயங்கும் கடைசிப் பதிப்பு அது.

மடல் அனுப்பப்பட்டுவிட்டது, ஆனால் அதன் பிரதியைச் சென்ட் கோப்புறையில் வைக்க முடியவில்லை என்ற செய்தியையும் சிலர் பார்ப்பார்கள். மறுபடி அனுப்பும் பொத்தானை அழுத்தாதீர்கள். பெறுபவருக்கு அதே மடல் இரண்டு மூன்று முறை போய்ச் சேரும். அக்கவுன்ட் செட்டிங்ஸில் காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ் பகுதியில், பிரதி வைக்கப்படும் கோப்புறை சர்வரில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்து, இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

எதுவும் பலிக்காவிட்டால்

இவ்வளவுக்கும் பிறகு பிழை நீடித்தால், அபவுட் புரொஃபைல்ஸ் பக்கத்தில் சோதனைக்காகப் புதிய புரொஃபைல் ஒன்றை உருவாக்கி, ஒரே ஒரு கணக்கை மட்டும் அதில் அமைத்துப் பாருங்கள். அதிலும் பிழை வந்தால் கோளாறு சர்வரிலோ, வலைப்பின்னலிலோ, தடுப்பு மென்பொருளிலோ இருக்கிறது. அதில் வராவிட்டால் பழைய புரொஃபைலில் இருக்கிறது. சோதனைக்கு ஐமேப் கணக்கையே தேர்ந்தெடுங்கள். பாப் கணக்குதான் உண்டு என்றால், மடல்களைச் சர்வரிலேயே விட்டுவைக்கும் தெரிவு இயங்குகிறதா என்று உறுதிசெய்த பிறகே மடல்களைப் பெறுங்கள். இல்லாவிட்டால் உங்கள் புதிய மடல்கள் சோதனைப் புரொஃபைலில் இறங்கி, சர்வரிலிருந்து அழிந்து, பழைய புரொஃபைலுக்கு ஒருபோதும் வந்து சேரா.

பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்ற எண்ணம் இயல்பாகவே எழும். ஆனால் புதிய பதிப்பு ஒருமுறை திறந்த புரொஃபைலைப் பழைய பதிப்பு திறக்க மறுக்கும். புதியதொரு புரொஃபைலை உருவாக்கிக்கொள்ளும்படி கேட்கும். உள்ளே சில தரவுக் கோப்புகளின் வடிவம் மாறியிருப்பதால் இந்தத் தடை நியாயமானதே. இதை மீறும் கட்டளைத் தெரிவு இருக்கிறது என்றாலும், ஈடு செய்ய முடியாத மடல்கள் உள்ள புரொஃபைலில் அதைப் பயன்படுத்தும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மேம்பாட்டுக்கு முன் எடுத்த நகல் இருந்தால், பழைய பதிப்பை நிறுவி அந்த நகலைத் திறப்பதே பாதுகாப்பான வழி. இடைப்பட்ட நாட்களில் பாப் வழியாக வந்த மடல்கள் அதில் இரா என்பதால், இப்போதைய புரொஃபைலின் நகலையும் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

பிறரிடம் உதவி கேட்கும் நிலை வந்தால், தண்டர்பேர்டின் பதிப்பு எண், இயங்குதளம், எந்தப் பதிப்பிலிருந்து மாறினீர்கள், கணக்கு ஐமேப்பா பாப்பா, தடுப்பு மென்பொருள் எது, பிழைச்செய்தியின் சொற்கள் எழுத்துப் பிசகாமல் என்ன என்ற ஆறையும் முதல் மடலிலேயே தந்துவிடுங்கள். ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் பக்கத்தின் உரையை நகலெடுத்து அனுப்பும்போது, கணக்குப் பெயர்களைச் சேர்க்கும் தெரிவு தேர்வாகாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.